தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையோடு பொழுதைப் பகிர்வது எப்படி? பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு பிள்ளை பிறந்து 18 வயது நிறையும் வரை ஏறத்தாழ 6,570 நாட்கள் இருக்கின்றன. ஒரே கூரையின் கீழ் வாழும் குடும்பத்தில், அவற்றில் பெரும்பாலான நாட்களில் பெற்றோரும் பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிடுகிறார்கள். பிறகு அந்தப் பிள்ளை படிப்புக்காகவோ வேலைக்காகவோ தனியே போய், ஆண்டுக்கு 15 நாட்கள் உங்களோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த 25 ஆண்டுகளில் சேர்வது 375 நாட்கள். முதல் 18 ஆண்டுகளில் கிடைத்ததில் பதினேழில் ஒரு பங்கைக்கூட அது எட்டவில்லை.

மனத்தைக் கலங்கடிப்பதற்காக இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. அந்த 375 நாட்களுக்கும் முந்தைய 6,570 நாட்களுக்கும் இடையே எண்ணிக்கையைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. சிறுவயதில் பிள்ளைக்கு உங்களோடு இருப்பதைத் தவிர வேறு வழி இல்லை. வளர்ந்த பிள்ளையோ தானாக விரும்பினால்தான் வரும். ஆகவே இந்த வழிகாட்டியில் வரும் ஒவ்வொரு படியையும் ஒரே அளவுகோலால்தான் அளந்திருக்கிறேன்: சந்திப்பு முடிந்து திரும்பும் பிள்ளைக்கு, கடமைக்காக இல்லாமல், மறுபடியும் வர வேண்டும் என்று தோன்றுமா? அந்த விருப்பத்தை எல்லாவற்றையும்விட வேகமாக அரித்துவிடுவது, தன்னை யாரோ ஓயாமல் மதிப்பெண் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற உணர்வு. பெற்றோர் அன்போடு கேட்கும் கேள்விகள் பலவும் அந்த உணர்வைத்தான் தருகின்றன என்பதே இதில் உள்ள சங்கடம்.

முதல் படி: பழைய பொறுப்பை இறக்கி வையுங்கள்

ஜெஃப்ரி ஆர்னெட் என்ற அமெரிக்க உளவியலாளர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், 18 முதல் 25 வயது வரையிலான பருவத்தைத் தனியொரு வாழ்க்கைக் கட்டமாகவே பார்க்க வேண்டும் என்று வாதிட்டார். அந்த வயதில் இருப்பவர்கள் தங்களைச் சிறுவர்களாக நினைப்பதில்லை. முழுமையாக வளர்ந்துவிட்டதாகவும் நினைப்பதில்லை. காதல், வேலை, உலகத்தைப் பற்றிய கருத்து ஆகிய மூன்றிலும் எது தமக்குப் பொருந்தும் என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாள் உங்களிடம் ஆலோசனை கேட்ட பிள்ளை மறுநாள் "எனக்குத் தெரியும்" என்று வெட்டிப் பேசுவதற்கு இந்த இடைநிலைதான் காரணம். அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டால் வீண் மனக்கசப்புதான் மிஞ்சும்.

பெற்றோர் பக்கத்திலும் ஒரு சாய்வு உண்டு. வெர்ன் பெங்ட்சன், ஜோசப் கைப்பர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1971-இல் எடுத்துரைத்த கருத்து இது: இரு தலைமுறைகளுக்கும் இடையிலான நெருக்கத்தைப் பற்றிக் கேட்டால், பிள்ளைகள் சொல்வதைவிடப் பெற்றோர் அதை அதிகமாகவே சொல்கிறார்கள். தாங்கள் வளர்த்தது தங்களுக்குப் பின்னும் தொடர வேண்டும் என்ற ஆசை பெற்றோருக்கு. தங்கள் வாழ்க்கை தங்களுடையதாக இருக்க வேண்டும் என்ற ஆசை பிள்ளைகளுக்கு. "எங்களுக்குள் எந்த ஒளிவுமறைவும் கிடையாது" என்று நீங்கள் நம்பும்போது, பிள்ளை அதே அளவுக்கு நினைக்காமல் இருக்கலாம். அதற்காக அன்பு குறைந்துவிட்டது என்று பொருள் இல்லை. நிற்கும் இடம் வேறு என்பதால் பார்வையும் வேறாகிறது.

இந்தப் படிக்கு ஒரு பயிற்சி இருக்கிறது. கடைசியாகப் பிள்ளை வந்தபோதோ தொலைபேசியில் அழைத்தபோதோ முதல் பத்து நிமிடங்களில் நீங்கள் பேசியவற்றை நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதுங்கள். "சாப்பிட்டாயா, ஏன் இவ்வளவு இளைத்துவிட்டாய், சம்பளம் ஏறியதா, அந்த விண்ணப்பம் என்ன ஆயிற்று, எப்போது தூங்கினாய்" என்று எது வந்தாலும் அப்படியே எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றின் எதிரிலும், அது விசாரணையா, அறிவுரையா, செய்தியா, அல்லது அந்த மனிதரைப் பற்றிய உண்மையான ஆர்வமா என்று குறியுங்கள். நான் பார்த்த பெற்றோரில் பலருக்கு நான்காவது வகை மிகக் குறைவாகவே வந்திருக்கிறது. அந்தத் தாளை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. அடுத்த சந்திப்புக்கு முன் ஒரு முறை எடுத்துப் பார்த்தால் போதும்.

இரண்டாம் படி: அழைக்கும் விதத்தை மாற்றுங்கள்

"நேரம் கிடைக்கும்போது வந்து போ" என்பது அழைப்பைப் போலத் தோன்றினாலும், எப்போது, எவ்வளவு நேரம், எதற்காக என்ற மூன்றையும் முடிவு செய்யும் சுமையைப் பிள்ளையின் தலையில் வைத்துவிடுகிறது. நேரம் என்பது தானாகக் கிடைப்பதில்லை என்பதால் அந்த வருகை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். "நீ வந்து எத்தனை மாதம் ஆகிறது தெரியுமா?" என்பது அதைவிடக் கெடுதல். அப்படி வரவழைக்கப்பட்ட பிள்ளை, வாசலுக்குள் நுழையும்போதே குற்றவாளியாகத்தான் நுழையும்.

நல்ல அழைப்பில் நாள் இருக்கும், செய்யப்போவது என்ன என்பது இருக்கும், முடியும் நேரமும் இருக்கும். "ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரையில் நடக்கப் போகிறேன், பத்து மணிக்குள் திரும்பிவிடுவேன், உனக்குத் தோது என்றால் சேர்ந்துகொள், இல்லையென்றால் இன்னொரு நாள் பார்க்கலாம்" என்ற செய்தியில் நான்கு நன்மைகள் உள்ளன. பிள்ளை வராவிட்டாலும் நீங்கள் போகத்தான் போகிறீர்கள் என்பதால் யாரும் ஏமாறுவதில்லை. எவ்வளவு நேரம் என்று தெரிவதால் அன்றைய மற்ற வேலைகளை அவர்களால் திட்டமிட முடிகிறது. மறுப்பதற்கு வழியும் திறந்திருக்கிறது. பேச வேண்டிய 'முக்கியமான விஷயம்' எதுவும் மறைந்திருக்கவில்லை என்பதும் விளங்கிவிடுகிறது.

மறுப்பு வரும்போது நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதில்தான் அடுத்த அழைப்பின் விதி இருக்கிறது. "சரி, பரவாயில்லை" என்று எழுதிவிட்டு, அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட வேண்டும். மூன்று நாள் மௌனமாக இருப்பதும், உடன்பிறந்தவர்களிடம் குறைபட்டுக்கொள்வதும் எப்படியும் பிள்ளையின் காதுக்கு எட்டிவிடும்.

மூன்றாம் படி: எதிரெதிரே உட்காராமல் பக்கத்தில் இருங்கள்

எதிரெதிர் நாற்காலிகளில் உட்கார்ந்து "சொல், என்ன விசேஷம்?" என்று தொடங்கும் உரையாடல் நேர்முகத் தேர்வின் சாயலைப் பெற்றுவிடுகிறது. நடக்கும்போதும், வண்டியில் போகும்போதும், பழுதான பொருள் ஒன்றைச் சேர்ந்து சரிசெய்யும்போதும் நிலைமை வேறு. கண்கள் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன, கைகளுக்கு வேலை இருக்கிறது, இடையில் மௌனம் விழுந்தால் அது உறுத்துவதில்லை. மனத்தில் நெடுநாள் கிடந்த சொல் அந்த மௌனத்தில்தான் வெளியே வரும். குறிப்பாக, முகம் பார்த்து உணர்வுகளைப் பேசப் பழகாத அப்பாக்களுக்கும் மகன்களுக்கும் இந்த வழி பெரிதும் உதவுகிறது.

எதைச் செய்வது என்று தேர்ந்தெடுக்கும்போது, பிள்ளை உங்களுக்குக் கற்றுக்கொடுக்கக்கூடிய ஒன்றை முதலில் யோசியுங்கள். அவர்கள் விளையாடும் கணினி விளையாட்டு, எடுக்கும் புகைப்படம், பயிலும் இசைக்கருவி, செய்யும் உடற்பயிற்சி, படிக்கும் துறை என எதுவாகவும் இருக்கலாம். வாழ்நாள் முழுவதும் கற்பிக்கும் இடத்தில் இருந்தவர் கற்கும் இடத்தில் உட்காரும்போது உறவின் எடை நகர்கிறது. ஆனால் உண்மையான மாணவராக இருக்க வேண்டும். "இதையெல்லாம் கற்று நான் என்ன செய்யப்போகிறேன்" என்ற பேச்சும், நடுவில் எழுந்து போய் வேறு வேலை பார்ப்பதும், நீங்கள் ஒப்புக்குச் சம்மதித்தீர்கள் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். தடுமாறுங்கள், திரும்பக் கேளுங்கள், அடுத்த முறை வரும்போது கொஞ்சம் பயின்று வைத்திருங்கள்.

இருவருக்குமே புதிதாக உள்ள ஒன்றும் நன்று. அதில் யாருக்கும் மூத்தவர் என்ற உரிமை இல்லை. இருவரும் சேர்ந்தே தடுமாறுகிறீர்கள்.

பழைய படங்களைப் பிரித்து அடுக்குவதை நான் மனமாரப் பரிந்துரைப்பேன். அதை முறையாகச் செய்ய வேண்டும். பெட்டி முழுவதையும் தரையில் கொட்டினால் ஒரு மணி நேரத்தில் இருவருமே களைத்துப்போவீர்கள். ஒரு அமர்வுக்கு முப்பது படங்கள் போதும். ஒவ்வொன்றிலும் இருப்பவர் யார், எந்த ஆண்டு, எந்த இடம் என்று நீங்கள் சொல்ல, பிள்ளை எழுதட்டும். படத்தின் பின்புறத்தில் பேனாவால் எழுதினால் நாளடைவில் மை ஊறி முன்பக்கம் தெரியலாம் என்பதால், மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுத வேண்டும். பிற்காலப் படத்தாள்களின் வழுவழுப்பான பின்புறத்தில் பென்சில் பிடிக்காது. அவற்றை உறையில் போட்டு, படத்தை உள்ளே வைப்பதற்கு முன்பே உறையின் மேல் எழுதுங்கள். பெயர் தெரியாத முகம் வந்தால் தனியே ஒதுக்கி வையுங்கள். யாரைக் கேட்டால் தெரியும் என்று யோசிப்பதிலேயே அடுத்த சந்திப்புக்கான காரணம் பிறந்துவிடும்.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷல் டியூக், ராபின் ஃபைவுஷ் ஆகிய உளவியலாளர்கள், பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள், எங்கே வளர்ந்தார்கள், குடும்பத்தில் நேர்ந்த கெட்டது நல்லது என்னென்ன என்பன போன்ற 20 கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேட்டு ஆய்வு செய்தார்கள். குடும்பக் கதையை அதிகம் அறிந்திருந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையும் கூடுதலாக இருந்தன. வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கதைகள் இன்னொரு வகையிலும் பயன்படுகின்றன. அவர்கள் இப்போது இருக்கும் வயதில் நீங்கள் எதில் தோற்றீர்கள், எதைக் கண்டு அஞ்சினீர்கள், எந்த முடிவை எடுக்கத் தெரியாமல் நின்றீர்கள் என்பதை அவர்கள் பெரும்பாலும் கேட்டிருக்கவே மாட்டார்கள். வெற்றிக் கதைகளைக் குறைத்துக்கொண்டு இவற்றைச் சொல்லுங்கள். கதையின் முடிவில் நீதி எதையும் சேர்க்காதீர்கள்.

நான்காம் படி: கேட்கும் பழக்கத்தைப் புதிதாகக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்திலிருந்து களைத்து வந்த மகள், "மேனேஜர் இன்னைக்கும் எல்லார் முன்னாடியும் என்னைத் திட்டிட்டாரும்மா" என்கிறாள். அம்மா உடனே, "நீ ஏதாவது எதிர்த்துப் பேசியிருப்பே. கொஞ்சம் பொறுத்துப் போம்மா, இந்தக் காலத்துல வேலை கிடைக்கிறதே பெரிய விஷயம்" என்கிறார். தாயின் மனத்தில் இருப்பது அக்கறை மட்டுமே. ஆனால் மகளின் காதில் மூன்று விழுந்திருக்கின்றன: தவறு உன்னுடையது, செய்ய வேண்டியது இது, நீ வேலையை இழந்துவிடுவாய். அவள் "சரிம்மா" என்று சொல்லிவிட்டுக் கைபேசியை எடுத்துக்கொள்கிறாள். அடுத்த மாதம் இதைவிடப் பெரிதாக ஒன்று நடக்கும்போது அம்மாவுக்குத் தெரியாமலே போய்விடும்.

அதே இடத்தில் அம்மா, "எல்லார் முன்னாடியுமா? அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்டிருந்தால், மகள் முழுவதையும் சொல்லியிருப்பாள். சொல்லச் சொல்ல, தான் என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்கே தெளிந்திருக்கவும் கூடும். அவள் பேசி ஓய்ந்த பிறகு, "நான் ஏதாவது யோசனை சொல்லட்டுமா, இல்ல சும்மா கேட்டுட்டு இருக்கட்டுமா?" என்று ஒரு கேள்வி. பல நேரங்களில் "சும்மா கேளும்மா, போதும்" என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலை அப்படியே மதிக்க வேண்டும்.

உளவியலாளர்களான கார்ல் ரோஜர்ஸும் ரிச்சர்டு ஃபார்சனும் 1957-இல் விளக்கிய கவனித்துக் கேட்கும் முறையின் சாரமும் இதுதான்: சொல்பவரின் இடத்தில் நின்று, சொல்லுக்குப் பின்னால் இருக்கும் உணர்வைப் பிடித்து, தாம் புரிந்துகொண்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது. "உனக்குக் கோபத்தைவிட அவமானம்தான் அதிகமா இருந்திருக்கும் போல" என்ற ஒரு வாக்கியம், பத்து அறிவுரைகள் செய்ய முடியாததைச் செய்யும். உங்கள் ஊகம் தவறு என்றால் பிள்ளையே திருத்தும். அந்தத் திருத்தத்திலும் பேச்சு வளரும்.

யோசனை கேட்கப்பட்டால் தாராளமாகச் சொல்லுங்கள். ஒரு முறை, தெளிவாக, காரணத்தோடு சொல்லுங்கள். இரண்டாவது முறை சொல்லாதீர்கள். "நான் சொன்னதைச் செய்தாயா?" என்று பிறகு விசாரிக்காதீர்கள். பிள்ளை வேறு வழியில் போய் இடறி விழுந்தால், "அப்போதே சொன்னேனே" என்ற சொற்றொடரை வாய்க்குள்ளேயே விழுங்கிவிடுங்கள். அந்தச் சொற்றொடர் யாரையும் திருத்தியதாக எனக்குத் தெரியவில்லை.

இதற்கு விதிவிலக்கு உண்டு. வீட்டில் அடி உதை, போதைப் பழக்கம், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவற்றின் அறிகுறி தெரிந்தால், அனுமதிக்காகக் காத்திருக்காமல் நேரடியாகப் பேச வேண்டும். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று வெளிப்படையாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் பரவலாக இருக்கிறது, அது ஆதாரமற்றது. அமைதியாகக் கேட்டு, தனியே விடாமல், உடனே மருத்துவ உதவிக்கு வழி செய்ய வேண்டும்.

திருமணம், குழந்தை, உடல் எடை, சம்பளம் ஆகிய நான்கையும் நீங்களாகத் தொடாதீர்கள். அவற்றில் சொல்ல நல்ல செய்தி இருந்தால் அது நீங்கள் கேட்காமலே வந்து சேரும். சொல்ல நல்ல செய்தி இல்லாதபோது கேட்கப்படும் கேள்வி புண்ணில் வேல் பாய்ச்சுவதுதான்.

தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்ற சொல்லை வைத்துக்கொண்டு, கணவர் மீதோ மனைவி மீதோ உள்ள மனக்குறையையெல்லாம் பிள்ளையிடம் கொட்டிவிடும் பெற்றோரும் உண்டு. நாற்பது வயதானாலும் அந்தப் பிள்ளைக்கு இருவருமே பெற்றோர்தாம். ஒருவரைப் பற்றிய குற்றச்சாட்டை இன்னொருவர் வாயால் கேட்டுக்கொண்டிருப்பது பெரும் பாரம். அந்தப் பேச்சுக்கு உங்கள் வயதையொத்த நண்பரைத் தேடுங்கள்.

ஐந்தாம் படி: அவர்கள் வீட்டில் விருந்தாளியாக இருங்கள்

பிள்ளையின் வீட்டுக்குப் போகும்போது வரும் நாளையும் புறப்படும் நாளையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்ன நாளில் புறப்படுங்கள். சமையலறை அலமாரியைத் திறந்து பாத்திரங்களை வேறு வரிசையில் அடுக்குவது, துணியை மடிக்கும் முறையைத் திருத்துவது, தூசி படிந்த மூலையைக் கண்டு பெருமூச்சு விடுவது இவையெல்லாம் உதவி என்ற பெயரில் செய்யப்படும் தணிக்கை. உதவ விரும்பினால் "நான் எதைப் பார்த்துக்கொண்டால் உனக்கு இலகுவாக இருக்கும்?" என்று கேட்டு, கிடைக்கும் பதிலை மட்டும் செய்யுங்கள். கதவு மூடியிருந்தால் தட்டிவிட்டுக் காத்திருங்கள். நாளில் ஓரிரு மணி நேரம் நீங்களாக எங்காவது வெளியே போய் வந்தால், அவர்களுக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும். திரும்பி வந்து பேசுவதற்கு உங்களிடமும் ஏதாவது இருக்கும்.

அவர்கள் உங்கள் வீட்டுக்கு வரும்போது இதே மரியாதை எதிர்த்திசையில் வேண்டும். மாதக்கணக்கில் சேர்த்து வைத்த வேலைகளை, பழுதான குழாயிலிருந்து கைபேசிச் சிக்கல் வரை, வந்த அன்றே பட்டியலாக நீட்டாதீர்கள். ஒவ்வொரு வேளையும் யாராவது ஒரு உறவினரைப் பார்க்கப் போக வேண்டும் என்று நாளை நிரப்பிவிடாதீர்கள். வந்தவர்கள் முதல் நாள் முழுதும் தூங்கினால் தூங்கட்டும். தம்மை மறந்து தூங்க முடிகிற வீடு அவர்களுக்கு இன்னும் இருக்கிறது என்றால் அதுவே பெரிய செய்தி.

ஆறாம் படி: ஒவ்வொருவரையும் தனித்தனியே சந்தியுங்கள்

உடன்பிறந்தவர்கள் ஒன்றுகூடினால் பழைய வேடங்கள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்கின்றன: பொறுப்பான மூத்தவர், குறும்புக்காரக் கடைக்குட்டி, யாருக்கும் தொந்தரவு தராத நடுப்பிள்ளை. கூட்டமாகச் சேர்வது மகிழ்ச்சிதான் என்றாலும், ஆண்டில் சில முறையாவது ஒவ்வொருவரோடும் தனியே இருந்தால்தான் அவர்கள் இப்போது யாராக இருக்கிறார்கள் என்பது தெரியும். தொந்தரவு தராத பிள்ளைக்குத்தான் அந்தத் தனி நேரம் முதலில் தேவைப்படும். ஒருவர் சொன்ன தனிப்பட்ட செய்தி அவர் அனுமதியின்றி இன்னொருவருக்குப் போகக் கூடாது.

துணை வந்துவிட்ட பிள்ளையிடம் தனி நேரம் கேட்கும்போது, அந்தத் துணையை ஒதுக்குவதாகத் தோன்றாமல் வெளிப்படையாகக் கேளுங்கள். மருமகனோடும் மருமகளோடும் தனியே பழகும் வாய்ப்பையும் நீங்களே உருவாக்குங்கள். பேரப்பிள்ளைகள் பிறந்த பிறகு, பார்வையெல்லாம் அவர்கள் பக்கம் போய்விடுகிறது. அவர்களைப் பார்த்துக்கொள்ள வரும் நாட்களில் ஒரு பகுதியையாவது, குழந்தை தூங்கிய பின், உங்கள் சொந்தப் பிள்ளைக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: தொலைவில் இருக்கும்போது சிறிதாகவும் அடிக்கடியும் பேசுங்கள்

வாரத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் காணொளி அழைப்பு என்ற ஏற்பாடு பல குடும்பங்களில் சில மாதங்களிலேயே சலித்துப்போகிறது. சொல்லச் செய்தி இல்லாமல் இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதைவிட, வழியில் கண்ட ஒரு காட்சியின் படம், அரை நிமிடக் குரல்பதிவு, "இதைப் பார்த்ததும் உன் நினைவு வந்தது" என்ற ஒரு வரி, இவை உறவை உயிரோடு வைக்கும். பதில் கேட்டு நச்சரிக்காத செய்தியாக அது இருக்க வேண்டும். நீல நிறக் குறி விழுந்தும் பதில் வராததை ஒரு குற்றமாகக் குறித்து வைக்காதீர்கள்.

இருவரும் ஒரே தொடரைப் பார்ப்பது, ஒரே நூலைப் படிப்பது, இணையத்தில் நாளுக்கொரு நகர்த்தலாகச் சதுரங்கம் ஆடுவது போன்ற சிறு பொது முயற்சி ஒன்று இருந்தால் பேச்சுக்குப் பஞ்சம் வராது. நேர மண்டலம் வேறுபட்டால், அழைக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பிள்ளைக்குக் கொடுங்கள்.

எட்டாம் படி: பணத்தை நேரத்தோடு கட்டாதீர்கள்

நீங்கள் கொடுக்கும் பணம் கொடையா, கடனா என்பதைக் கொடுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். கொடை என்றால் மறந்துவிடுங்கள். கடன் என்றால் தொகையையும் தவணையையும் எழுதி வையுங்கள். கொடுத்ததைச் சுட்டிக்காட்டி வருகையைக் கேட்கும் நாளில், வருகை வட்டியாகிவிடுகிறது. வெளியே போகும்போது சில முறை அவர்கள் செலவு செய்யட்டும். தன் உழைப்பில் பெற்றோருக்குச் செய்யும் மகிழ்ச்சியைத் தடுக்கக் கூடாது.

ஒன்பதாம் படி: பழைய காயம் பேச்சில் வரும்போது நிலைகுலையாதீர்கள்

சேர்ந்து இருக்கும் நேரம் இதமாகத் தொடங்கினால், ஒரு நாள் பிள்ளை கடினமான ஒன்றைச் சொல்லும். "நான் பத்தாவது படிக்கும்போது நீங்க என்னை அவனோட ஒப்பிட்டுப் பேசினீங்களே அப்பா, அது இன்னும் மறக்கலை" என்பது போல ஏதாவது ஒன்று. அந்தக் கணத்தில் பெற்றோர் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைச் செய்கிறார்கள்: அப்படி நடக்கவே இல்லை என்கிறார்கள், உன் நன்மைக்குத்தான் செய்தேன் என்கிறார்கள், அல்லது "அப்படியென்றால் நான் மோசமான அப்பா, அவ்வளவுதானே" என்று தாமே காயப்பட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். மூன்றாவதில், புகார் சொல்ல வந்த பிள்ளையே ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிடுகிறது.

பிள்ளை இதைச் சொல்வது உறவை முறிப்பதற்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. முறிக்க நினைப்பவர்கள் சொல்லாமலே விலகிவிடுவார்கள். சொல்பவர்களுக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது. கர்ட் லூஷர், கார்ல் பில்லெமர் ஆகிய சமூகவியலாளர்கள் 1998-இல் முன்வைத்த கருத்தின்படி, பெற்றோருக்கும் வளர்ந்த பிள்ளைக்கும் இடையே பாசமும் வருத்தமும் ஒரே நேரத்தில் கலந்திருப்பதே இயல்பு. இரண்டில் ஒன்றுதான் உண்மை என்று கொள்ளத் தேவையில்லை.

செய்ய வேண்டியது இது. முழுமையாகக் கேளுங்கள். உங்கள் நினைவு வேறாக இருந்தாலும், "உனக்கு அது இவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியாது, நீ சொன்னது நல்லது" என்று சொல்ல முடியும். தவறு உங்களுடையது என்று தெரிந்தால், "நான் அப்படிச் செய்திருக்கக் கூடாது, மன்னித்துவிடு" என்பதோடு நிறுத்துங்கள். அதன் பின்னால் "ஆனால்" என்று ஒரு சொல் வந்தால் மன்னிப்பு கரைந்துவிடும். அன்றைய சூழ்நிலை, உங்களுக்கு இருந்த நெருக்கடி ஆகியவற்றை விளக்க வேண்டும் என்று தோன்றினால் அதை வேறொரு நாளுக்கு, பிள்ளையே கேட்கும் நாளுக்கு வையுங்கள்.

பத்தாம் படி: பிரியும் நேரத்தைக் கவனமாகக் கையாளுங்கள்

உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய சகாக்களும் 1993-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், பங்கேற்றவர்கள் ஒரு முறை 60 விநாடிகள் குளிர்ந்த நீரில் கையை வைத்திருந்தார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடிகளுக்குப் பின், நீரின் குளிர் சிறிது குறைக்கப்பட்ட நிலையில் மேலும் 30 விநாடிகள் வைத்திருந்தார்கள். மறுபடி எதைச் செய்ய விருப்பம் என்று கேட்டபோது, கூடுதல் நேரம் குளிரில் இருக்க வேண்டியிருந்தும், பெரும்பாலோர் இரண்டாவதையே தேர்ந்தெடுத்தார்கள். முடிவு எப்படி இருந்தது என்பது, மொத்தமும் எப்படி இருந்தது என்ற நினைவையே மாற்றிவிடுகிறது.

மூன்று நாள் நன்றாகக் கழித்துவிட்டு, வாசலில் வண்டி நிற்கும்போது "அடுத்தது எப்போது வருவாய்? எங்களைப் பற்றி நினைப்பே இல்லை" என்று முடிக்கும் வீடுகள் இருக்கின்றன. பிள்ளை வழி நெடுக எடுத்துப்போவது அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான். விடைபெறும்போது, அந்த வருகையில் உங்களுக்குப் பிடித்த ஒன்றைக் குறிப்பாகச் சொல்லுங்கள்: "நேற்று நீ அந்தச் சதுரங்க ஆட்டத்தை எனக்கு விளக்கினாயே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது." களைப்பு வரும் முன்பே சந்திப்பை முடித்துக்கொள்வதும் நல்லது. மூன்றாம் நாள் இருவருக்கும் எரிச்சல் தொடங்கிவிடும் என்று அனுபவம் சொன்னால், இரண்டு நாட்களோடு நிறுத்துவதில் தவறே இல்லை.

பிள்ளை வராமலே இருந்தால்

எல்லாம் செய்தும் சில பிள்ளைகள் விலகியே இருப்பார்கள். காரணம் உங்களோடு தொடர்பில்லாததாக இருக்கலாம், தொடர்புடையதாகவும் இருக்கலாம். அவர்கள் "இப்போது பேச வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் அதை மதியுங்கள். அப்படிச் சொல்லாமல் வெறுமனே தொடர்பு அறுந்திருந்தால், சில மாதங்களுக்கு ஒரு முறை, பதில் கோராத சிறு செய்தி ஒன்றை அனுப்பலாம். அதில் குறையும் வேண்டாம், உடல்நலக் குறைவைச் சொல்லி இழுக்கும் முயற்சியும் வேண்டாம். மற்றப் பிள்ளைகளைத் தூது அனுப்பாதீர்கள். உங்கள் நாட்களை நண்பர்களாலும் வேலையாலும் விருப்பமான பழக்கங்களாலும் நிரப்பிக்கொள்ளுங்கள். திரும்பி வரும் பிள்ளைக்கு, தன்னை மட்டுமே நம்பிக் காத்துக்கிடந்த ஒருவரைவிடத் தன் வாழ்க்கையை வாழ்ந்துகொண்டிருக்கும் ஒருவரிடம் வருவது எளிது.

முதுமையைப் பற்றிய பேச்சுக்குத் தனி நாள்

உங்கள் உடல்நலம், சிகிச்சை பற்றிய விருப்பங்கள், சொத்து, உயில், ஆவணங்கள் இருக்கும் இடம் ஆகியவற்றைப் பிள்ளைகளிடம் பேசத்தான் வேண்டும். நினைவும் உடலும் நன்றாக இருக்கும்போதே பேசிவிட வேண்டும். ஆனால் நடைப்பயிற்சிக்கு என்று அழைத்துவிட்டு வழியில் உயிலை எடுக்காதீர்கள். அப்படி ஒரு முறை நடந்தால் அடுத்த நடையின் போது பிள்ளையின் மனம் எச்சரிக்கையாகவே இருக்கும். எதைப் பற்றிய பேச்சு என்று முன்பே சொல்லி, எல்லாப் பிள்ளைகளும் ஒரே செய்தியை ஒரே நேரத்தில் கேட்கும்படி ஒரு நாளைக் குறியுங்கள். வங்கிக் கணக்குகள், காப்பீடு, மருத்துவர், உட்கொள்ளும் மருந்துகள் ஆகிய விவரங்களை ஒரே ஏட்டில் எழுதி, அது எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். கடவுச்சொற்களை அந்த ஏட்டில் எழுதாமல் தனியே பாதுகாப்பாக வையுங்கள். உங்கள் முடிவுகளுக்கான காரணங்களைச் சொல்லி, அவர்களுடைய கேள்விகளையும் தயக்கங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த உதவியை அவர்களால் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதை அவர்கள் வாயாலேயே சொல்ல விடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். மீதி இருந்தால் இன்னொரு நாள் தொடரலாம். ஏட்டை மூடிய பிறகு யாரும் உடனே கிளம்பிவிடாதபடி, எல்லோரும் விரும்பும் வேறொன்றை அன்று மாலைக்கென்று முன்பே ஏற்பாடு செய்து வையுங்கள்.